தாம்பரம் டு பாரிமுனை: எந்த வண்டியில் போனால் எவ்வளவு கார்பன்?

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அது எரிந்தால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடோ சுமார் 2.3 கிலோ. எரியும்போது பெட்ரோலில் உள்ள கார்பன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்வதால்தான் எடை இப்படிக் கூடுகிறது. டீசல் என்றால் லிட்டருக்கு 2.7 கிலோ. இந்த எண்ணை வண்டி தரும் மைலேஜால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால் கணக்கு முடிந்தது.

தாம்பரத்திலிருந்து பாரிமுனை ஏறக்குறைய 30 கி.மீ. நெரிசலில் லிட்டருக்கு 12 கி.மீ. தரும் பெட்ரோல் கார் இரண்டரை லிட்டர் குடிக்கும், அதாவது 5.75 கிலோ. 45 கி.மீ. தரும் ஸ்கூட்டருக்கு ஒன்றரை கிலோ. பின்னால் ஒருவர் ஏறினால் ஆளுக்கு முக்கால். லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் டீசல் பஸ் மொத்தம் 20 கிலோ விடும். 50 பேர் இருந்தால் தலைக்கு 400 கிராம். பத்தே பேர் என்றால் 2 கிலோ. அப்போது ஸ்கூட்டரே தேவலை என்று தோன்றும். ஆனால் நீங்கள் ஏறாவிட்டாலும் அந்த பஸ் ஓடத்தான் போகிறது. காலி சீட்டில் நீங்கள் உட்காருவதால் கூடும் டீசல் மிகச் சொற்பம். ஸ்கூட்டரை எடுத்தாலோ ஒன்றரை கிலோவும் புதிதாகச் சேரும்.

பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டருக்கும் காருக்கும் புகைக்குழாய் இல்லை; அவற்றின் புகை அனல்மின் நிலையத்தில் போகிறது. நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் மின் ஸ்கூட்டருக்கு இந்தத் தூரத்துக்கு ஒரு யூனிட் ஆகும்: 0.7 கிலோ, பெட்ரோல் ஸ்கூட்டரில் பாதி. மின் காருக்கு நாலரை யூனிட், அதாவது 3 கிலோவுக்கு மேல். தனியாளாக மின் காரில் போவது பெட்ரோல் ஸ்கூட்டரைப் போல் இரு மடங்கு! ஒரு ஆளுக்காக ஒன்றரை டன் இரும்பை இழுப்பதன் விலை இது.

கடற்கரை நிலையம் வரை மின்சார ரயில் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதால் உராய்வு குறைவு; புதிய ரேக்குகள் (ரயில் பெட்டித் தொடர்கள்) பிரேக் போடும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தரும். கூட்ட நேரத்தில் இதை மிஞ்ச எதுவுமில்லை.

ஸ்கூட்டர்தான் கதி என்பவர்கள் டயர் காற்றைக் கவனியுங்கள். 110 சிசி வண்டிகள் பலவற்றுக்கு முன்னால் 22, பின்னால் 29, இருவர் ஏறினால் பின்னால் 36 பிஎஸ்ஐ. காற்று இறங்கினால் டயர் நசுங்கி உருளும், மைலேஜ் விழும். உண்மையான மைலேஜ் தெரிய, டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கி.மீ.யை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். கம்பெனி சொல்லும் மைலேஜை இந்தக் கணக்கில் போடாதீர்கள்.