அமெரிக்க முகவரி, மெட்ரிக் மரை

யு.எஸ். பேட்டன்ட் ஃபயர் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்த, ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் ஒன்று விலை குறைந்து வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதே வகையைச் சேர்ந்த வேறொரு தயாரிப்பைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என்னுடையதைச் செய்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. குழலின் மேல் அமெரிக்க முகவரி இருக்கிறது, விற்ற கடைக்காரர் தந்த சீட்டில் "முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு" என்று எழுதியிருந்தது, அவ்வளவு போதும்.

அண்மையில் விசைக்கு அடியிலிருக்கும் இரட்டைக் கால் தகட்டு ஸ்பிரிங் உடைந்தது. இவ்வகை ரிவால்வர்களுக்கு மூலமான, கோல்ட் நிறுவனத்தின் 1873 வடிவமைப்பில் அது தேய்ந்து உடைவது இயல்பு என்பதால் அதற்காக நான் கோபப்படவில்லை. கோபம் வந்தது அடுத்த கட்டத்தில். கோல்ட் அளவுக்குச் செய்யப்பட்ட புதிய ஸ்பிரிங்கும் அதற்குரிய திருகும் வரவழைத்தேன். திருகு ஒன்றரைச் சுற்றுப் போனதும் இறுகி நின்றுவிட்டது. சட்டகம் இத்தாலியதோ என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. கோல்ட் வடிவத்தை நகலெடுக்கும் இத்தாலிய நிறுவனமான ஊபெர்ட்டியின் திருகுகள் மெட்ரிக் மரை கொண்டவை, கோல்ட் திருகுகள் அங்குலக் கணக்கு மரை கொண்டவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறாது. வலிந்து முறுக்கியிருந்தால் சட்டகத்தின் மரையே அழிந்திருக்கும்.

கைப்பிடிப் பலகைகளைக் கழற்றி உருப்பெருக்கியால் பார்த்தபோது, அவை மறைத்திருந்த இடத்தில், நீல மெருகுக்கு அடியில் பாதி மழுங்கிய நிலையில், இத்தாலியின் கார்டோனே வால் ட்ராம்பியா ஊரில் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் சோதனைச் சாலையின் முத்திரை தெரிந்தது: ஒரு விண்மீன், பி.எஸ்.எஃப். என்ற எழுத்துகள், பக்கத்தில் சிறு கட்டத்துக்குள் ஆண்டைக் குறிக்கும் ஈரெழுத்து. அந்த வரிசை 1975-க்கான ஏ.ஏ. என்பதிலிருந்து தொடங்குகிறது. குழலிலும் சிலிண்டரிலும் முத்திரை எதுவும் இல்லை. முழு ரிவால்வராக இத்தாலியில் சோதிக்கப்பட்டு வந்து, அவை இரண்டும் இங்கே மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

குழலில் உள்ள ஊர்ப்பெயரை நம்புவதில் பயனில்லை. இ.எம்.எஃப். என்ற அமெரிக்க இறக்குமதி நிறுவனம் விற்ற "ஹார்ட்ஃபோர்ட்" இத்தாலியில் செய்யப்பட்டது. 1954-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய கிரேட் வெஸ்டர்னின் பெயரைத் தாங்கிவரும் "கிரேட் வெஸ்டர்ன் II" இத்தாலியின் குஸ்ஸாகோவில் உள்ள பியெட்டா நிறுவனத்தின் தயாரிப்பு. நண்பர் கேட்ட நிறுவனமோ, ஹார்ட்ஃபோர்டில் நீலக் குவிமாடம் கொண்ட பழைய கோல்ட் தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கியது. முதலில் ஊபெர்ட்டியின் பாகங்களைத் தருவித்து அங்கே பொருத்தி மெருகேற்றியது, பிறகு எல்லாப் பாகங்களையும் அமெரிக்காவிலேயே செய்தது. இரு காலத்துக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பெயருக்கு விலை கொடுப்பதில் பொருளில்லை.

அமெரிக்கச் சட்டப்படி சட்டகமே துப்பாக்கி. இறக்குமதியானால் இறக்குமதியாளர் பெயரும் நாடும் அதிலோ குழலிலோ பொறிக்கப்பட வேண்டும். சில இறக்குமதியாளர்கள் அவற்றை, சுட்ட தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளும் கம்பி இருக்கும் எஜெக்டர் உறைக்கு அடியில் கண்ணில் படாமல் வைக்கிறார்கள். திருகு, ஸ்பிரிங், சுத்தியல் போன்ற உதிரிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவற்றை மரையளவு காட்டும் சீப்பை வைத்துத்தான் அறிய வேண்டும். சிலிண்டர் அச்சுக்கம்பியில் இரண்டு பள்ளங்கள் இருந்தால், கம்பியை உள்ளே தள்ளிச் சுத்தியலைத் தடுக்கும் இத்தாலிய ஏற்பாடு அது. ஒற்றைப் பள்ளம் இருப்பதால் மட்டும் உள்நாட்டுப் பொருளாகிவிடாது, கம்பியை மாற்றுவது மிக எளிது.

நியாயமாகச் சொன்னால், என் ரிவால்வரில் குறை சொல்ல அதிகம் இல்லை. சுத்தியலை இழுக்கும்போது நான்கு சொடுக்குகளும் பிசிறில்லாமல் கேட்கின்றன, சிலிண்டர் ஆடுவதில்லை, இத்தாலியச் சட்டகத்துக்கும் அமெரிக்கக் குழலுக்கும் இடையே நகம் நுழைய இடமில்லை. பொருத்தியவர் கைதேர்ந்தவர். ஆனாலும் ஒவ்வொரு உதிரிக்கும் இரண்டு கடைகளில் விசாரித்து, இரண்டு அளவிலும் வாங்கி, ஒன்றைத் திருப்பி அனுப்பும் எரிச்சல் குறி துல்லியமாக விழும் மகிழ்ச்சியைத் தின்றுவிடுகிறது.

எனவே நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. மீறி வாங்குவதென்றால் கைப்பிடியையும் எஜெக்டர் உறையையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முத்திரை தென்பட்டால் ஊபெர்ட்டிக்கு உரிய விலைக்கு மேல் ஒரு டாலரும் தர வேண்டாம். அந்த விலைக்கு என்னுடையதைக் கேட்டால் மட்டும் நான் கொடுக்க மாட்டேன்.