ஓராண்டு அணிந்து பார்த்த வைர மோதிரம்: தேர்வும் அனுபவமும்

எனக்கென்று வாங்கிய முதல் வைர மோதிரத்தை ஓராண்டுக் காலம் நாள்தோறும் அணிந்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் கல்லின் ஒளியைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பேன். அதைப் பிடித்திருக்கும் உலோகத்தைப் பற்றியும் விரலில் அது உட்காரும் விதத்தைப் பற்றியும் சொல்ல அப்போது எதுவும் இருந்திருக்காது. 0.90 காரட் எடையில், வட்ட வடிவில் பட்டை தீட்டப்பட்ட ஒற்றைக் கல் அது. நிறம் ஜி, தெளிவு வி.எஸ்.2, வெட்டுத் தரம் எக்ஸலன்ட். 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் ஆறு கொக்கிகள் அதைப் பற்றியிருக்கின்றன. கல்லைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. உலோகத்தை மட்டும், மறுபடி வாய்ப்புக் கிடைத்தால், மாற்றித் தேர்ந்தெடுப்பேன்.

முதலில் நுழைந்த கடையில் சரியாக 1 காரட் எடையுள்ள கல் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு காரட் என்பது 0.2 கிராம், தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் காரட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அரை, ஒன்று, ஒன்றரை என்ற எல்லைகளைக் கல் தொட்டவுடன் ஒவ்வொரு காரட்டுக்குமான விலையே ஏறிவிடுவது இந்த வணிகத்தின் இயல்பு. அதனால், கல்லை வெட்டுபவர்களுக்கும் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடாமல் எடையைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆவல் இருக்கிறது; ஒளிக்குத் தேவைப்படாத ஆழத்தைக் கல்லின் அடிப்பகுதியில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்குக் காட்டப்பட்ட கல்லும் அத்தகையதே. அதன் குறுக்களவு 6.3 மில்லிமீட்டர், ஆழமோ குறுக்களவில் 65.5 விழுக்காடு. பின்னர் நான் வாங்கிய 0.90 காரட் கல்லின் குறுக்களவு 6.2 மில்லிமீட்டர். அதாவது, கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கும் 0.10 காரட்டில் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியப்போவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. மீதி எடை மோதிரத்தின் அடியில் எவர் கண்ணிலும் படாமல் மறைந்திருக்கும். சான்றிதழில் காரட்டைப் படித்த கையோடு மில்லிமீட்டர் அளவையும் படிக்க வேண்டும் என்பதை அந்தக் கல்தான் எனக்குக் கற்பித்தது.

காரட், நிறம், தெளிவு, வெட்டு என்ற நான்கு அளவுகோல்களையும் எல்லாக் கடைகளிலும் ஒப்பிக்கிறார்கள். நான்கும் சமமானவை என்ற எண்ணமும் அதனாலேயே வாங்குபவருக்கு ஏற்பட்டுவிடுகிறது. என் அனுபவத்தில் அவை சமமானவை அல்ல. முதல் மூன்றும் கல் எப்படிப் பிறந்தது என்பதைப் பெரிதும் சார்ந்தவை. வெட்டு ஒன்றுதான் மனிதக் கையின் வேலை, கல் உயிரோடு இருப்பதும் சோர்ந்து கிடப்பதும் அதனால்தான். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உள்ளே புகுந்த ஒளி, கல்லின் உட்புற முகம் ஒன்றை, அதன் செங்குத்துக் கோட்டிலிருந்து 24.4 பாகைக்கு மேல் சாய்ந்து தொட்டால், வெளியேற வழியின்றி முழுவதும் திரும்பிவிடும். அடிப்பகுதியின் சரிவு சரியாக அமைந்திருந்தால், அந்த ஒளி ஒரு பக்கத்தில் பட்டு, எதிர்ப்பக்கத்தில் பட்டு, மீண்டும் நம் கண்ணை நோக்கி மேலே வருகிறது. சரிவு மிகுந்துவிட்டால் ஒளி அடிப்பக்கமாகக் கசிந்து கல்லின் நடுவில் கருமை தட்டும். குறைந்துவிட்டால், உச்சியில் தட்டையாக இருக்கும் மேல்தளத்தினுள் மீன் கண்ணைப் போன்ற சாம்பல் வளையம் தெரியும்.

இதைக் கணக்கிட்டு 1919-இல் வெளியிட்டவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர். அவர் சொன்ன அளவுகள், மேல்தளம் குறுக்களவில் 53 விழுக்காடு, மேற்பகுதியின் சாய்வு 34.5 பாகை, அடிப்பகுதியின் சாய்வு 40.75 பாகை. இன்று சிறந்தவையாக மதிக்கப்படும் கற்கள் இதையொட்டிய ஒரு வரம்புக்குள் அமைகின்றன. என் கல்லில் இவை முறையே 57 விழுக்காடு, 34.5 பாகை, 40.8 பாகை. மேல்தளம் அவர் கணக்கைவிட அகலமாக இருந்தாலும் சாய்வுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்திருப்பதால் குறை ஏதும் தெரியவில்லை. சான்றிதழில் எக்ஸலன்ட் என்ற சொல் இருப்பது தொடக்கம்தான். அந்தத் தரத்துக்குள்ளேயே நல்லவையும் மிக நல்லவையும் உண்டு என்பதால், இந்த மூன்று எண்களையும் கேட்டு வாங்கிப் படிப்பது வீண் வேலை ஆகாது.

எண்களைவிட எனக்கு உதவியது வெளிச்சம். நகைக்கடைகளின் கூரையில் சின்னஞ்சிறு கூர்விளக்குகள் நிறைந்திருக்கும். அந்த விளக்குகளின் கீழே சுமாராக வெட்டப்பட்ட வைரமும் வண்ணப் பொறிகளை வாரி இறைக்கும் என்பதால், அங்கே நின்று இரண்டு கற்களை ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடாக இராது. மூன்றாவது கடையில் இரண்டு கற்களைச் சன்னலோரம் கொண்டுசென்று, வெயில் நேரே படாத இடத்தில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்கக் கேட்டேன், தயக்கமின்றி அனுமதித்தார்கள். விளக்கடியில் இரட்டையர் போலிருந்த அந்த இரண்டில் ஒன்று, நிழலில் நடுப்பகுதி மங்கிக் கண்ணாடித் துண்டு போலாயிற்று. மற்றது வெண்மையும் கருமையும் ஒழுங்காக மாறி மாறி ஓரம் வரை பளிச்சென்றிருந்தது. அதைத்தான் வாங்கினேன். நாம் பெரும்பாலான நேரம் வாழ்வது அத்தகைய சாதாரண வெளிச்சத்தில்தான். அலுவலக மேசையிலும் மேகமூட்டமான தெருவிலும் மோதிரம் அழகாக இருக்க வேண்டுமானால் அங்கேதான் அதைச் சோதிக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. டி என்ற எழுத்தில் தொடங்கி இசட் வரை இறங்கும் வரிசையில் டி, இ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறத்தாழ நிறமற்றவை. நிறத்தை நிபுணர்கள் கல்லைக் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில், ஒப்பீட்டுக் கற்களோடு வைத்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். மோதிரத்தில் பதித்த கல்லை நாம் அப்படிப் பார்ப்பதே இல்லை. மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் இன்னும் ஓரிரு படிகள் இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது, அருகருகே வைத்துப் பார்த்தபின் நான் அடைந்த முடிவு.

தெளிவு விஷயத்தில் நான் வேண்டாத கவலை பட்டிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களுக்குப் பழந்தமிழிலேயே தனித்தனிப் பெயர்கள் உண்டு. குற்றமில்லாத கல்லைத் தேடும் ஆசை அவ்வளவு பழையது. இன்றைய வரிசையில் குற்றமே இல்லாத எஃப்.எல். தொடங்கி குற்றம் மிகுந்த ஐ3 முடிய 11 படிகள் இருக்கின்றன, எல்லாம் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யப்படுபவை. என் வி.எஸ்.2 கல்லில் ஓரத்தையொட்டி ஒரு சிறு படிகம் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில், சான்றிதழின் வரைபடத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் தேடியே அதைக் கண்டேன். வெறுங்கண்ணுக்கு அது இல்லாத பொருள். படியின் பெயரைவிடக் குறை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். மேல்தளத்தின் நடுவில் இருக்கும் கரும்புள்ளி கண்ணை உறுத்தும். கல்லின் மேற்பகுதியும் அடிப்பகுதியும் சேரும் இடை விளிம்பைத் தொடும் கீற்றோ, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அடிபட்டால் உடையக்கூடிய இடமாகலாம். நீள்சதுரமாக, படிக்கட்டு போல் நீண்ட பட்டைகளோடு வெட்டப்படும் எமரால்டு வடிவம் சன்னலைப் போல உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிவிடும் என்பதால், அந்த வடிவத்தை விரும்புபவர்கள் தெளிவில் ஒரு படி மேலே போவது நல்லது.

இரண்டாவது கடையில் எனக்கு ஏற்பட்ட அனுபவம் கசப்பானது. அவர்கள் காட்டிய மோதிரத்தின் சீட்டில் 1.20 காரட் என்று எழுதியிருந்தது. விசாரித்தபோதுதான், அது நடுக்கல்லோடு வளையத்தில் பதித்த சிறு கற்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த எடை என்றும், நடுக்கல் 0.70 காரட் மட்டுமே என்றும் தெரிந்தது. சான்றிதழ் கேட்டதற்குக் கடையே அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, இதுவே போதும் என்றார்கள். விற்பவரே தம் பொருளுக்குத் தரம் எழுதிக்கொள்ளும் தாளை நான் சான்றிதழாக ஏற்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். ஜி.ஐ.ஏ. போன்ற, விற்பனையில் பங்கில்லாத ஆய்வகத்தின் அறிக்கை இருந்தால், அதன் எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் இட்டு அதே விவரங்கள் வருகின்றனவா என்று பார்க்கலாம். பல கற்களின் இடை விளிம்பில் அந்த எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கிய கடையில் அந்த எண்ணை உருப்பெருக்கியில் என்னைக் கொண்டே படிக்க வைத்த பிறகுதான் கல்லைப் பதிக்க அனுப்பினார்கள். அவர்கள்மீது எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரங்களையும் அங்கே காட்டினார்கள், அவை இன்னவை என்று முதலிலேயே சொல்லியே காட்டினார்கள். உயர் அழுத்தம், உயர் வெப்பம் கொண்டு வளர்ப்பது ஒரு முறை. வாயுவிலிருந்து கரியை அடுக்கடுக்காகப் படியவைப்பது இன்னொரு முறை. இரண்டிலும் கிடைப்பது வைரமே: அதே கரிப் படிகம், அதே கடினம், அதே ஒளிவிலகல். போலி என்று அவற்றை ஒதுக்குவது தவறு. மாய்ஸனைட்டும் கியூபிக் சிர்கோனியாவும்தான் வைரமல்லாத வேறு பொருள்கள். வெப்பக் கடத்தலைச் சோதிக்கும் சிறு கருவிகளால் இயற்கை வைரத்தையும் வளர்த்த வைரத்தையும் பிரித்தறிய முடியாது, மாய்ஸனைட்டைக்கூட அவற்றில் பல வைரமென்றே காட்டும் என்பதால், கடைக்காரர் கருவியை அழுத்திப் பச்சை விளக்கைக் காட்டுவதை யாரும் முடிவாகக் கொள்ளக் கூடாது. வளர்த்த கற்களின் விலை மிகக் குறைவு. மறுவிற்பனையில் திரும்பக் கிடைப்பதும் மிகக் குறைவு. மண்ணில் பிறந்த கல் வேண்டும் என்ற என் மன விருப்பத்தால் மட்டுமே இயற்கை வைரத்தை எடுத்தேன். பெரிய கல்லை விரும்பி, விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு மற்றதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இனி உலோகம். வெள்ளைத் தங்கம் என்பது இயல்பில் முழு வெண்மையானதன்று. 75 விழுக்காடு தங்கத்தோடு வேறு உலோகங்களைக் கலந்து, மேலே ரோடியம் பூசுகிறார்கள். கடையில் நான் கண்டு மயங்கிய அந்தக் குளிர்ந்த வெண்மை ரோடியத்தினுடையது. எட்டு மாதத்தில், உள்ளங்கைப் பக்கமாக, பூச்சுத் தேய்ந்து வெளிர் மஞ்சள் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. மீண்டும் பூசிக்கொள்ளலாம், முதல் முறை கட்டணமின்றிச் செய்து தருகிறார்கள். ஆனால் நாள்தோறும் அணியும் மோதிரத்துக்கு இது ஓயாத வேலை. பிளாட்டினத்தை எடுத்திருக்க வேண்டும். அதுவும் கீறல் விழும் உலோகம்தான், கனமும் கூடுதல். ஆனாலும் அதன் வெண்மை அதனுடையதே, தேய்ந்து மஞ்சளாகிப் போவதில்லை.

ஆறு கொக்கிகளைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. நான்கு கொக்கிகள் கல்லை இன்னும் திறந்து காட்டும். ஆனால் அவற்றில் ஒன்று தளர்ந்தாலே கல் ஆபத்தில் இருக்கும், ஆறில் அந்த அச்சம் குறைவு. வைரம் உலகின் மிகக் கடினமான கனிமம் என்பதால் உடையாது என்று நம்புபவர்கள் பலர். கடினம் என்பது கீறலைத் தாங்கும் குணம் மட்டுமே. படிகத்தின் சில திசைகளில் சரியான அடி விழுந்தால் வைரம் பிளக்கும். கூர்முனையுள்ள சதுரம், கண்ணீர்த்துளி போன்ற வடிவங்களில் முனைகளே முதலில் சிதையும். அந்த வடிவங்களை எடுப்பவர்கள் முனைகளை மூடிப் பிடிக்கும் கொக்கிகளை வலியுறுத்திக் கேட்க வேண்டும். என் மோதிரத்தில் கல் சற்று உயரமாக நிற்கிறது. கம்பளி ஆடை அணியும்போது நூல் மாட்டிக்கொள்கிறது. கடையில் ஐந்து நிமிடம் அணிந்து பார்த்தபோது அந்த உயரம் கம்பீரமாகத் தெரிந்ததே தவிர, சட்டைப்பையில் கை விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

விரல் அளவை இரண்டு நாள், காலையிலும் மாலையிலுமாக எடுத்தேன். வெப்பத்திலும் மாலையிலும் விரல் சற்று வீங்கும், குளிரில் சுருங்கும் என்பதால் ஒரே அளவீட்டை நம்புவது சரியில்லை. அகன்ற வளையமானால் அதே அளவிலும் இறுக்கமாக உணரப்படும். என் வளையம் மெலிந்தது, பின்பக்கம் கல் இல்லாதது. தேவைப்பட்டால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியும். வளையம் முழுவதும் கற்கள் பதித்த மோதிரங்களில் அதற்கு வழியில்லை.

பராமரிப்பு எளிது. வைரம் எண்ணெய்ப் பசையை எளிதில் பற்றிக்கொள்ளும் கல். கைக்களிம்பு பூசிய மறுநாளே அதன் அடிப்பகுதி மங்கி, அத்தனை கணக்குப் போட்டு வாங்கிய ஒளி பாதியாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசல் கலந்து, குழந்தைகளுக்கான பல்துலக்கியால் அடிப்பக்கத்தைத் துலக்கினால் மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. நீச்சல் குளத்துக்குப் போகும்போது கழற்றிவிடுகிறேன், குளோரின் தங்கக் கலவைக்குத் தீங்கு செய்யும் என்பதால்.

பத்தாவது மாதம் மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டியபோது மிக மெல்லிய ஓசை கேட்டது. கடைக்குக் கொண்டுசென்றேன். கொக்கிகளில் ஒன்று இம்மியளவு விலகியிருப்பதை உருப்பெருக்கியில் காட்டி, என் முன்னாலேயே இறுக்கித் தந்தார்கள். வேலைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் விளிம்பில் இருந்த எண்ணை என்னைப் படிக்கச் செய்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இப்படிக் கொண்டுவரும்படி அன்று குறித்துக் கொடுத்த சீட்டைச் சான்றிதழோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.