நான்கு எரிமலை மாதிரிகளும் ஒரு சுவர்ப்படமும்: பள்ளிக்கு வாங்கலாமா?

பாளையங்கோட்டையில் கற்பித்தல் கருவிகள் விற்கும் கடை ஒன்றிலிருந்து எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்காக எரிமலை மாதிரித் தொகுப்பு ஒன்றை வாங்கினோம். கேடய எரிமலை, தழல் கூம்பு, பல்சிட்டக் கூம்பு, எரிமலைக் குவிமாடம் ஆகிய நான்கு மாதிரிகளும், ஒரு சுவர்ப்படமும், தமிழில் ஒரு கையேடும் ஒரே பெட்டியில் வருகின்றன. மாதிரிகளை மனமாரப் பாராட்டலாம். சுவர்ப்படத்தை மட்டும் திருத்தாமல் வகுப்பில் மாட்டக் கூடாது.

பல்சிட்டக் கூம்பு மாதிரி காந்தத்தால் இணைக்கப்பட்ட இரண்டு பாதிகளாக வருகிறது. அதைப் பிரித்தால் சாம்பல் அடுக்கும் லாவா அடுக்கும் மாறி மாறித் தெரிகின்றன. சாம்பல் அடுக்கை மணல் கலந்து சொரசொரப்பாகவும் லாவா அடுக்கை வழவழப்பாகவும் செய்திருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவும் பிள்ளைகூட, வெடிப்பும் வழிவும் மாறி மாறி நடந்தே இந்த மலை உயர்ந்தது என்று சொல்லிவிடுகிறது. ஜப்பானின் ஃபியூஜி, இத்தாலியின் வெசுவியஸ், பிலிப்பைன்சின் மேயோன் எல்லாம் இந்த வகைதான். தழல் கூம்பின் சரிவையும் சரியாகவே அமைத்திருக்கிறார்கள். லாரி கொட்டிவிட்டுப் போன ஜல்லிக் குவியல் எந்தச் சரிவில் நிற்குமோ, ஏறத்தாழ அதே 30 முதல் 35 பாகைச் சரிவில்தான், வாயிலிருந்து தெறித்து விழும் தழல் துண்டுகளும் குவிகின்றன. மெக்சிகோவில் 1943ஆம் ஆண்டு ஒரு மக்காச்சோளக் காட்டில் பிளவு விட்டுக் கிளம்பிய பரிக்குட்டின், 1952இல் அடங்கியபோது 424 மீட்டர் உயர்ந்திருந்தது. கையேடு இதைப் படத்துடன் விளக்குகிறது.

கையேட்டின் மிகச் சிறந்த பகுதி, இந்த வடிவங்கள் ஏன் வேறுபடுகின்றன என்று சொல்லும் பக்கம்தான். பாறைக்குழம்பில் சிலிக்கா ஏறத்தாழ 50 விழுக்காடு அளவில் இருந்தால் அது பசால்ட். 1,100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்துடன் இளகி ஓடி, வாயு எளிதாக வெளியேற, நெடுந்தூரம் பரவிக் கேடயம்போல் படிகிறது. சிலிக்கா கூடக் கூடக் குழம்பு கெட்டிப்பட்டு, வாயு உள்ளேயே அடைபட்டு, வெளியேறும்போது மலையையே பிளந்துகொண்டு வெடிக்கிறது. வகைகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குக் காரணத்தைக் கையில் கொடுக்கும் பக்கம் இது. குவிமாட மாதிரி எல்லாவற்றிலும் சிறியதாக இருந்தாலும், அதற்குத்தான் வகுப்பில் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன். ஓட முடியாத கெட்டிக் குழம்பு வாயிலேயே குவிந்து, பிறகு சரிந்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் உன்சென் 1991 ஜூன் 3 அன்று காட்டியது. குவிமாடம் இடிந்து பாய்ந்த கனல் மேகத்தில் 43 பேர் இறந்தார்கள்.

குறை என்று சொன்னால், நான்கு மாதிரிகளையும் கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் வார்த்திருப்பதை முதலில் சொல்ல வேண்டும். ஹவாயின் மவுனா லோவா 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. தென்காசி பிரிந்த பிறகு இருக்கும் நம் திருநெல்வேலி மாவட்டத்தை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். பரிக்குட்டினோ அதன் ஓரத்தில் ஒரு புள்ளி. அளவு ஒப்பீட்டு அட்டை ஒன்றைப் பெட்டிக்குள் போட்டிருந்தால் இந்தக் குழப்பமே எழாது.

சுவர்ப்படத்தின் பிழை இதைவிடப் பெரியது. ‘எரிமலையின் வகைகள் ஆறு’ என்று தலைப்பிட்டு, கேடயம், தழல் கூம்பு, பல்சிட்டக் கூம்பு, செயல்படுவது, உறங்குவது, தணிந்தது என்று ஒரே வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். முதல் மூன்றும் மலையின் வடிவத்தையும் ஆக்கத்தையும் பற்றியவை. பின்னவை அது இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றியவை. ஒரே மலைக்கு இரண்டு விடையும் உண்டு. அந்தமானில் இருக்கும் பேரன் தீவு பல்சிட்ட எரிமலையும்தான், இந்தியாவில் இன்று செயல்படும் எரிமலையும்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அமைதியாகக் கிடந்து 1991இல் மறுபடி கனன்றது. ஃபியூஜியை ‘உறங்குவது’ என்று படம் சொல்கிறது. 1707க்குப் பிறகு அது வெடிக்கவில்லை என்பது உண்மையே, ஆனாலும் கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் வெடித்தவற்றைச் செயல்படுபவை என்று கொள்ளும் ஜப்பான் வானிலை முகமை, அதைச் செயல்படும் எரிமலைகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ‘தணிந்தது’ என்று குறித்த கிளிமஞ்சாரோவின் கிபோ உச்சியில் இன்றும் வாயு கசிகிறது. உறக்கம் என்ற பெயரை நம்பி இருந்துவிட முடியாது என்பதற்கு, ஏறத்தாழ 500 ஆண்டுகள் அடங்கியிருந்து 1991இல் வெடித்த பினாட்டுபோவே போதும். நாங்கள் படத்தை நடுவே வெட்டி இரண்டு தலைப்புகளின்கீழ் ஒட்டிக்கொண்டோம்.

வெடிப்பின் அளவைக் குறிக்கும் 0 முதல் 8 வரையிலான குறியீடு கையேட்டில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. 1815இல் வெடித்த தம்போராவுக்கு 7, 1883இல் வெடித்த கிரக்கத்தோவாவுக்கு 6 என்று இரண்டு எடுத்துக்காட்டாவது சேர்த்திருக்கலாம். பொதிகை மலை எரிமலையா என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். அதற்கும் கையேட்டில் விடை இல்லை. அந்த மலையின் சார்னோக்கைட்டும் நைசும் பூமிக்குள் மிக ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பழம்பாறைகள், எரிமலை கக்கியவை அல்ல என்று ஆசிரியர்தான் சொல்லித்தர வேண்டும்.

விலை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. வார்ப்பின் தரத்துக்கு அது நியாயமான விலை. எங்கள் பெட்டியில் குவிமாடத்தின் முனை உடைந்திருந்தது, கடையில் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள். சுவர்ப்படம் இல்லாமல் மாதிரிகளையும் கையேட்டையும் மட்டும் தனியாகவும் தருகிறார்கள். கேட்டு அதையே வாங்குங்கள்.