பேரிடர் எச்சரிக்கைக் கணக்கு: ஒரு மழைக்காலம் பின்தொடர்ந்தவனின் மதிப்பீடு

மழைக்காலம் தொடங்கும் முன்பே எங்கள் பகுதிப் பேரிடர் அலுவலகத்தின் சமூக ஊடகக் கணக்கைப் பின்தொடர ஆரம்பித்தேன். மணிச் சின்னத்தையும் அழுத்தி வைத்தேன். அவசரச் செய்தி எல்லாம் இனி இங்கேதான் வரும் என்று அவர்களே அறிவித்திருந்தார்கள். நான்கு மாதம் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.

'இன்று இரவு 11 மணிக்கு அணை திறக்கப்படும், கரையோரம் இருப்பவர்கள் வெளியேறவும்' என்ற பதிவு என் கண்ணில் பட்டது மறுநாள் மதியம். மணி அடிக்கவே இல்லை. யாரோ ஒருவரின் பூனைக்கும் செல்போன் விளம்பரத்துக்கும் நடுவில் அது கிடந்தது. தேதி போடவில்லை. 'இன்று இரவு' என்பதை நம்பி, முந்தின இரவே திறந்து வடிந்தும்விட்ட தண்ணீருக்காக நாங்கள் மூட்டை கட்டினோம். பதிவுகள் நேர வரிசையில் வராத இடத்தில் இன்று, நாளை என்று எழுதலாமா? அந்த ஒரு வார்த்தைக்கே ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன்.

அப்பாவுக்குப் பார்வை மங்கல். போன் படித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் எல்லாம் தெரிந்துகொள்வார். இவர்களோ கையெழுத்து, முத்திரையோடு கடிதத்தை அப்படியே படம் பிடித்துப் போடுகிறார்கள். போன் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பதிவுக்குத் தாவிவிட்டது. கடிதத்தின் முதல் பாதி முழுக்க பார்வை எண்ணும் நகல் பெறுவோர் பட்டியலும். எச்சரிக்கை கடைசிப் பத்தியில்.

சரி, இதையெல்லாம் ஒரு நல்ல அலுவலர் வந்தால் திருத்திவிடலாம். திருத்த முடியாதது வேறு. அரசு உட்கார்ந்திருப்பது அடுத்தவர் வீட்டுத் திண்ணையில். 2020 ஜூலை 15 அன்று ட்விட்டரில் பிரபலங்களின் கணக்குகளுக்குள் ஆட்கள் புகுந்தபோது, நிறுவனம் தான் சரிபார்த்து நீலக் குறியிட்ட கணக்குகள் பதிவிடுவதையே நிறுத்தி வைத்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லிங்கன் நகர வானிலை அலுவலகத்தால் சூறாவளி எச்சரிக்கையைக்கூட அங்கே போட முடியவில்லை. 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் செய்திகளை முடக்கிய ஃபேஸ்புக், வானிலைத் துறையின் பக்கத்தையும் சேர்த்தே முடக்கியது. 2023 ஜூலையில் ட்விட்டர், சரிபார்க்கப்படாத கணக்குக்காரர் ஒரு நாளில் 600 பதிவுக்கு மேல் பார்க்க முடியாது என்று முதலில் வரம்பு வைத்தது. 601-வது பதிவு வெள்ள எச்சரிக்கையாக இருந்தால்?

ஆள் சாகும் விஷயத்திலும் இது நடந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்ற அந்த இரண்டு நாளில், போலீஸ் முக்கியமாக ட்விட்டரில்தான் தகவல் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாருடைய போனையும் அலற வைக்கும் எச்சரிக்கை அமைப்பு மாகாணத்தின் கையில் இருந்தும் பயன்படுத்தவில்லை.

அந்த அலறல்தான் செல் பிராட்காஸ்ட். டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் போகும். போன் எண் வேண்டாம், இணையம் வேண்டாம், பின்தொடரவும் வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முயன்று லைன் திணறும்போதும் போய்ச் சேரும். ஒரு முறை சோதனைச் செய்தி வந்தபோது அப்பாதான் முதலில் எழுந்தார். அதிலும் கோளாறு இல்லாமல் இல்லை. டவர் சாய்ந்தால் அதுவும் போச்சு. 2018 ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருகிறது என்று தவறாக ஒலித்து, அதே வழியில் மறுப்பு வர 38 நிமிடம் ஆனது. மறுப்பைத் தன் கணக்கில் உடனே போடலாமே என்று கேட்டதற்கு, ட்விட்டர் நுழைவு விவரம் நினைவில்லை என்று ஆளுநர் டேவிட் இகே ஒப்புக்கொண்டார். பாவம், நானும் மறப்பேன். ஆனால் என்னை நம்பி ஒரு தீவுக்கூட்டம் இல்லை.

அப்புறம் அந்த இரண்டு நட்சத்திரம். வெள்ளம் வந்த பிறகு கணக்கு நன்றாகவே வேலை செய்தது. பள்ளி முகாமுக்குப் போகும் பாலம் திறந்திருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இல்லை, பின்பக்கச் சாலையில் வாருங்கள் என்று நான்கே நிமிடத்தில் பதில் வந்தது. பழைய வெள்ளப் படத்தை ஒருவர் இன்றையது என்று போட்டபோது, அலுவலகமே கீழே வந்து மறுத்தது. அலறலால் இப்படிப் பதில் சொல்ல முடியாது. ஆளை எழுப்ப அலறல், எழுந்தவர் வழி கேட்க இந்தக் கணக்கு என்று வைத்திருந்தால் நான்கு நட்சத்திரமே கொடுத்திருப்பேன். எழுப்பும் வேலையையும் இதன் தலையில் கட்டியதுதான் தப்பு.

இதை அப்படியே அவர்களின் பதிவுக்குக் கீழே எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. படமாக.