12,50,000 ஆ, 1,250,000 ஆ? கணக்குப் புத்தகத்துக்கு எந்தக் கமா

மட்டக்களப்பில் ஒரு கோயிலின் திருப்பணிக் கணக்கைப் பார்க்கிறேன். விலை பேசுவது, நன்கொடை கேட்பது எல்லாம் இலட்சத்தில் நடக்கும். வங்கியில் இருந்து வரும் தாளில் மட்டும் கமா மில்லியனுக்கு விழுந்திருக்கும். பேசுகிற மாதிரியே இலட்சத்துக்கும் கோடிக்கும் கமா போட்டு எழுதினால் என்ன என்று பரிபாலன சபையில் சிலர் கேட்டார்கள். நான் மூன்று இலக்கக் கமாவின் பக்கம் நின்றேன், இன்னும் அங்கேதான் நிற்கிறேன். ஆனால் மற்றப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

மாற்றுகிற வாய்ப்பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 10 இலட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன், ஒரு இலட்சம் கோடி ஒரு ட்ரில்லியன். 5000 ரூபாய்த் தாள் நூறு வைத்துக் கட்டிய கட்டு இரண்டு சேர்ந்தால் ஒரு மில்லியன். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இந்திய முறையின் பலம் வாசிக்கும்போது தெரியும். 12,50,000 என்று எழுதினால் கமா நிற்கிற இடத்தில் வாயும் நிற்கிறது: பன்னிரண்டு இலட்சத்து ஐம்பதாயிரம். பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கிறவருக்கு இது பெரிய உதவி. 'பன்னிரண்டரை இலட்சம்' என்றால் வயதானவர்களும் உடனே தலையாட்டுவார்கள். 'ஒன்று தசம் இரண்டு ஐந்து மில்லியன்' என்று வாசித்துப் பாருங்கள், 'அது எத்தனை இலட்சம் தம்பி?' என்று பின்னால் இருந்து குரல் வரும். 2012 கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறக்குறைய 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர் என்றால் ஒரு பிடி கிடைக்கிறது; 0.53 மில்லியன் என்றால் ஒன்றும் கிடைப்பதில்லை. அம்பாறையில் இருந்து வேலைக்கு வரும் சிங்கள மேசன்மாரோடு பேசவும் இலட்சம், கோடி போதும், அவர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

மில்லியனில் தசம் வேறு ஆளைக் கவிழ்க்கும். 1.05 மில்லியனை அவசரத்தில் பத்து இலட்சத்து ஐயாயிரம் என்று வாசித்துவிடுவார்கள். அது பத்து இலட்சத்து ஐம்பதாயிரம். அதனால் எங்கள் புத்தகத்தில் மில்லியன் என்ற சொல்லே கிடையாது. எடுத்துக்கொண்டது கமாவை மட்டும்.

சரி, அந்தக் கமாவாவது எதற்கு? ஒத்துப்பார்ப்பதற்கு. வங்கிக்கூற்றை ஒரு பக்கமும் காசுப் புத்தகத்தை மறுபக்கமும் விரித்து, வரி வரியாகப் பென்சிலால் சரி போட்டுக்கொண்டு போகும் வேலை அது. அந்த நேரத்தில் யாரும் தொகையை வாசிப்பதில்லை, உருவத்தைத்தான் பார்க்கிறோம். 1,250,000க்கு எதிரே 1,250,000 இருந்தால் கண் தானாக அடுத்த வரிக்குப் போகும். 12,50,000 இருந்தால் ஒவ்வொரு தடவையும் நின்று சைபர் எண்ண வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. 1,25,000ஐயும் 1,250,000ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இரண்டு கமா, இரண்டும் ஒன்றில் தொடங்கி இருபத்தைந்தில் போகிறது. ஒன்று ஒன்றேகால் இலட்சம், மற்றது பன்னிரண்டரை இலட்சம். களைத்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்திய முறையைத் தனியாக எடுத்தால் அதில் பிழை ஒன்றுமில்லை. இரண்டு முறையும் ஒரே மேசையில் கலக்கும்போதுதான் வில்லங்கம். வங்கியோ ஒப்பந்தகாரரின் மதிப்பீடோ கணக்காய்வாளரின் அறிக்கையோ எங்களுக்காக மாறப்போவதில்லை. மாறக்கூடியது எங்கள் புத்தகம் ஒன்றுதான்.

கணினியிலும் இதே கதை. எக்செல்லில் இந்தியக் கமா வேண்டுமென்றால் விண்டோஸின் பிராந்திய அமைப்புக்குப் போய் இலக்கங்களைப் பிரிக்கும் முறையை மாற்றலாம். ஆனால் அந்த மாற்றம் அந்தக் கணினியோடு நின்றுவிடும், கோப்போடு கூடப் போகாது. அதே கோப்பைச் செயலாளர் தன் மடிக்கணினியில் திறந்தால் பழையபடி மூன்றுக்கு மூன்று. கோப்போடு போகிற மாதிரி, கோடிக்கு ஒன்று, இலட்சத்துக்கு ஒன்று என்று நிபந்தனை வைத்துத் தனி வடிவம் எழுதவும் வழி இருக்கிறது. வழக்கமாக எழுதும் அந்த வடிவத்தில் கழித்தல் தொகை வந்தால் அது மட்டும் மூன்று இலக்கத்துக்குத் திரும்பிவிடும். பொருளாளர் மாறும்போதெல்லாம் இதைப் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மூன்று இலக்கத்தில் எழுதியதை இலட்சத்தில் வாசிப்பது பெரிய வித்தை இல்லை. கடைசிக் கமாவுக்கு முன்னால் உள்ள இரண்டு இலக்கத்தை ஆயிரத்துக்கு விட்டுவிடுங்கள், அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் இலட்சம். 23,475,600 என்றால் 75 ஆயிரம் போக மிஞ்சுவது 234 இலட்சம்: இரண்டு கோடியே முப்பத்து நான்கு இலட்சத்து எழுபத்தையாயிரத்து அறுநூறு. கூட்டத்தில் வாசிக்கும் பிரதியில் மட்டும் 4க்கும் 7க்கும் இடையில் சிவப்புப் பேனையால் ஒரு சின்னக் கீறல் போட்டுக் கொடுக்கிறோம். வாசிக்கிறவருக்கு அது போதும்.

இடையில் ஒன்று: வெளிநாட்டில் இருந்து வரும் சீட்டுகளை இந்த இரண்டு முறையிலும் அடைக்க முடியாது. சுவிஸில் 5'000 என்று மேலே ஒரு குறி போடுவார்கள். ஜேர்மனியில் 5.000 என்று புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியைத் தசம் என்று எடுத்தால் ஐயாயிரம் யூரோ தந்தவருக்கு ஐந்து யூரோவுக்குப் பற்றுச்சீட்டு போகும்.

பில்லியன் கணக்கு எழுதிப் பழக்கமில்லை, பத்திரிகையில் படிப்பதோடு சரி. 2023இல் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு ஒப்புக்கொண்ட கடனை நம் நாட்டுச் செய்திகளில் சுமார் 3 பில்லியன் டொலர் என்பார்கள், தமிழ்நாட்டு முறையில் சொன்னால் 300 கோடி டாலர். அந்த அளவுத் தொகைக்கு எது வசதி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. இந்தியாவோடு அன்றாடம் வியாபாரம் செய்கிறவருக்கும் என் முடிவு பொருந்தாமல் போகலாம். அவர் ஒத்துப்பார்க்கும் பில்லே இந்தியக் கமாவில்தான் வரும்.

எங்களுக்கு அங்கிருந்து வருவது ஸ்தபதியின் விலைப்பட்டியல் ஒன்றுதான். அதில் 8,75,000 என்று இருப்பதில் நாங்கள் கை வைப்பதில்லை. தாளை அப்படியே கோப்பில் போட்டுவிட்டு, புத்தகத்தில் இந்திய ரூபாய்க்கு ஒரு நிரல், இலங்கை ரூபாய்க்கு ஒரு நிரல் என்று பிரித்து, முதல் நிரலில் 875,000 என்று ஏற்றுகிறோம்.