46 வயது அப்பாவும் 24 வயது அப்பாவும்

நான் 1995இல் பிறந்தபோது அப்பாவுக்கு 46 வயது. அதே ஆண்டு பிறந்த எதிர்வீட்டு நண்பனின் அப்பாவுக்கு 24. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒரே தளம், ஒரே மின்தூக்கி.

அவன் அப்பா கீழ்த்தளத் திடலில் எங்களோடு பந்து விளையாடுவார். என் அப்பா கல்மேசையில் உட்கார்ந்து தமிழ் முரசு நாளிதழ் படிப்பார். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் அப்பாவுக்கு இரவு வேலை. பகலெல்லாம் தூங்குவார், அவன் கதவைக்கூட ஓசையின்றிச் சாத்துவான். என் அப்பாவோ சீக்கிரமே வேலையை விட்டவர். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் குடையோடு நிற்பார், சட்டைப்பையில் எனக்கென்று இரண்டு கடலை மிட்டாய். 'தாத்தாவா?' என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றே தலையாட்டுவார், குறும்புக்காரர்!

கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவையில்தான் வித்தியாசம் உறைத்தது. பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவிலிருந்து விடுப்பில் வந்தால் அவன் தூங்குவான். நான் அப்பாவின் ஏழு அறை மாத்திரைப் பெட்டியை நிரப்புவேன். அவரிடம் மூத்தோருக்கு அரசு மருத்துவச் சலுகை தரும் முன்னோடித் தலைமுறை அட்டை இருந்ததால் மருந்தகச் செலவு குறைந்தது, உண்மைதான். ஆனாலும் அவருடைய கண்புரை அறுவைக்கு என் முதல் வேலையின் மெடிசேவ் பணம், சம்பளத்திலிருந்து மருத்துவத்துக்கென்று ஒதுக்கப்படும் சேமிப்பு, போனது. நண்பனின் மெடிசேவ் இன்னும் தொடப்படவில்லை.

போன வாரம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அவனைப் பார்த்தேன். அவன் அப்பா மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறாராம். 'காலையில் என்னையும் எழுப்பிவிடுகிறார்' என்று அலுத்துக்கொண்டான்.