காலையில் கொடுத்த தண்ணீருக்கு மாலையில் அறிக்கையா? ஏமாந்துவிடாதீர்கள்

ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டி 480 அடியில் போர் போட்டோம். ஆவணியில் குடிவந்ததும், மதுரை நகருக்குள் ஒரு தனியார் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தேன். கட்டணம் 1,800 ரூபாய். காலை 10 மணிக்குக் கொடுத்தது. மாலை 5 மணிக்கெல்லாம் முத்திரையோடு அறிக்கை கைக்கு வந்துவிட்டது. "உப்பு கொஞ்சம் கூடுதல், தாராளமாகக் குடிக்கலாம்" என்றார்கள். 3 வயதுப் பேத்திக்கும் ஐந்து மாதம் அதைத்தான் கொடுத்தோம்.

பொங்கலுக்கு வந்த என் மைத்துனரின் மகள் வேதியியல் முதுகலை படிப்பவள். அறிக்கையை வாங்கிப் பார்த்தவள், "மாமா, இந்த உப்புகளைக் கூட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். மொத்தக் கரைந்த உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 1,470 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. கால்சியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் என அத்தனையையும் கூட்டினால் 410தான் வருகிறது. பேனா அளவுள்ள டிடிஎஸ் மீட்டரை முக்கி எடுத்ததைத் தவிர அவர்கள் எதையும் அளக்கவில்லை என்பது அவள் முடிவு. அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்துத்திறனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. சோடியத்துக்குத் தண்ணீரைச் சுடரில் தெளித்து எழும் மஞ்சள் ஒளியை அளக்கவேண்டும். ஃபுளோரைடுக்குத் தனி மின்முனையோ, சாயம் வெளிறுவதை அளக்கும் நிறமாலைமானியோ வேண்டும்.

என் வயிற்றைக் கலக்கியது ‘கோலிஃபார்ம் இல்லை’, அதாவது கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி இல்லை, என்ற வரிதான். கிருமி இருக்கிறதா என்பதை 18 முதல் 24 மணி நேரமாவது வளர்த்துப் பார்த்துத்தான் சொல்லமுடியுமாம். ஏழு மணி நேரத்தில் எப்படிச் சொன்னார்கள்? நான் கொண்டுபோனதே கழுவிய குளிர்பானப் பாட்டில். கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நேரில் போய்க் கருவியைக் காட்டச் சொன்னேன். சர்வீசுக்குப் போயிருக்கிறதாம். பணமும் தரவில்லை.

பிறகு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்தேன். பொதுமக்கள் யாரும் கொடுக்கலாம். முதல் அறிக்கையில் 0.4 என்றிருந்த ஃபுளோரைடு 1.9 மில்லிகிராம். இந்தியத் தரநிலைப்படி 1.0தான் ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஃபுளோரைடு கூடினால் உருவாகும் பற்களைக் கெடுக்கும். பேத்திக்கு இப்போதுதான் நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகின்றன. அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

உங்கள் வீட்டிலும் அறிக்கை இருந்தால் இன்றே கூட்டிப் பாருங்கள். கொடுத்த தேதியையும் வந்த தேதியையும் பாருங்கள். நான் இரண்டு அறிக்கைகளையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுதிவிட்டேன்.